நாற்பத்து மூன்று ‘அதாகப்பட்டது’

நீங்கள் எழுதிக் கொடுத்த பக்கங்களைப் பார்த்தேன். போன வாரம் உங்கள் துறைத் தலைவர் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்து, “புதுசா சேர்ந்த பிள்ளைங்க டேப்பைக் கேட்டு எழுதினது, ஒரு பார்வை பாருங்கம்மா” என்றார். முதல் பக்கத்தில் பதினாலு வயதுப் பையன் ஒருவன் மாமா வீட்டு நாய் தொலைந்துபோன கதையைச் சொல்கிறான். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, இழுக்கவில்லை, சொன்னதை மாற்றவில்லை. பக்கம் பளிச்சென்று இருக்கிறது. படித்து முடித்ததும் கட்டை மூடிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபமும் கொஞ்சம் இருக்கிறதுதான். ஆனால் இதே காரியத்தை, இதைவிடச் சுத்தமாக, எழுபதுகளின் பின்பாதியில் நானே செய்திருக்கிறேன். அதனால் ஒரு பையனுக்கும் அவன் அம்மாவுக்கும் வேலை போகப் பார்த்தது. அதை ஒப்புக்கொண்டுவிட்டால் உங்களைத் திட்டுகிற உரிமை எனக்கு வந்துவிடும் என்பதால் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தமிழ் எம்.ஏ., முதல் வகுப்பு. அந்த முதல் வகுப்பை வீட்டில் எல்லோரும் மறந்த பிறகும் நான் மறக்கவில்லை. ஒரு பேராசிரியை தன் ஆய்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். மரக்காணம் உப்பளப் பக்கம் போய்த் தங்க வேண்டும். பதின்மூன்றிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளைக் கதை சொல்லச் சொல்லி டேப்பில் பிடிக்க வேண்டும். பிறகு கேட்டு எழுத வேண்டும். கதை அவருக்கு இரண்டாம்பட்சம். சொல்லும்போது பிள்ளைகள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே ‘அது வந்து’ போடுகிறார்கள், எங்கே சொன்னதை அழித்துவிட்டு வேறொன்று சொல்கிறார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும். புறப்படும் அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

“உன் கையில ஒரு துடைப்பம் இருக்கு. அதை இங்கயே வச்சிட்டுப் போ.”

நான் கையைப் பார்த்தேன். கைப்பைதான் இருந்தது.

மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில் ஒரு ஊர். பெயர் வேண்டாம், இதில் வருகிற மேஸ்திரியின் பேரப்பிள்ளைகள் இப்போது நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். மாதா கோயிலை ஒட்டி சிஸ்டர்கள் வீட்டில் எனக்கு ஒரு அறை கொடுத்தார்கள். ஒரு டேப் ரெக்கார்டர், நான்கு கேசட், இரண்டு டஜன் பென்சில். ஒரு கதைக்கு ஒரு பென்சில். மூன்றாம் நாளே எனக்கு ‘டேப்பக்கா’ என்று பெயர் வந்துவிட்டது. பென்சிலுக்கு ஆசைப்பட்டு ஒரே பையன் வேறு சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை வந்து உட்கார்ந்ததும் உண்டு.

வந்தவர்களில் சிறந்த கதைக்காரன் சவரிமுத்து. பதினைந்து வயது. உப்பளத்தில் அவன் அம்மா லூர்தம்மாவோடு வேலை செய்கிறவன். அவன் ஒரு கதை சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆகும். அவன் குரலை இன்றைக்கும் என்னால் அப்படியே சொல்ல முடியும்.

“ஒரு ஊருல... அது வந்து... ஒரு ராசா. ராசா இல்ல, ஆங்... மந்திரி. அந்த மந்திரிக்கு... இன்னாது அது... ஒரு கழுத இருந்துச்சு. இல்லக்கா, கழுத ராசாவுதுதான். அப்ப ராசாவும் இருந்தாரு.”

இதை நான் நோட்டில் எப்படி எழுதினேன் தெரியுமா? ‘முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஓர் அரசன் இருந்தான். அவனிடம் அறிவிற் சிறந்த மந்திரி ஒருவனும், கழுதை ஒன்றும் இருந்தன.’ அறிவிற் சிறந்த என்பது என் உபயம். பிள்ளை பாவம், திணறுகிறான், பெரியவர்கள் படிக்கப் போகிற காகிதத்தில் அவன் மானம் போக வேண்டாம் என்று நினைத்தேன். உங்களுக்கும் அந்த நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். எழுதி முடித்த கேசட்டை வைத்திருந்து என்ன பயன் என்று அதன்மேலேயே அடுத்த பிள்ளையின் கதையையும் பதிந்துகொண்டேன்.

பிள்ளைகளுடைய தயக்கங்களை எண்ண வேண்டிய நான் எண்ணவில்லை. எண்ணக் கூடாத ஒருவருடையதை எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் நானும் பூசைக்குப் போய்ப் பின்னால் உட்காருவேன். பங்குச் சாமியார் நல்ல மனிதர், ஆனால் பிரசங்கத்தில் மூச்சுக்கு ஒரு ‘அதாகப்பட்டது’. பொழுது போகாமல் விரலை மடக்கினேன். நாற்பத்து மூன்று. இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா? மறுநாள் சவரியிடம் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. உப்பளத்தில், வாருகிற பதத்தில் உப்பு விளைந்து நின்ற நாலு பாத்திகளில், மடை திறந்திருந்ததால் தண்ணீர் பாய்ந்துவிட்டது. உப்பு முழுக்கக் கரைந்துபோனது. அந்தப் பாத்திகளில் வேலை செய்த குடும்பங்கள் வயிறெரிந்து நின்றன. அன்று அங்கே காவல் இருந்தவர்கள் இரண்டு பையன்கள்: ஒருவன் சவரி, இன்னொருவன் மேஸ்திரியின் அக்காள் மகன் அந்தோணி. மறுநாள் காலை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் சாமியாரை நடுவில் வைத்து ஊர் கூடியது.

உப்பளத்தில் ஆட்களை வேலை வாங்குகிற அந்த மேஸ்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டப்பகலிலும் டார்ச் லைட் இல்லாமல் வெளியே வர மாட்டார். எரிப்பதற்கு அல்ல, நீட்டிப் பேசுவதற்கு. அன்றும் நீட்டினார்.

“சாமி, நாலு பாத்தி உப்பு! இந்தப் பையன் மடையத் தொறந்து வுட்டுட்டு எங்கியோ பூட்டான். எங்க அந்தோணிய கேளுங்க, அவன் சொல்லுவான்.”

அந்தோணி முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னான்: “மணி பன்னெண்டுக்கு நான் மடைய நல்லா அடைச்சிட்டு சாப்புட வூட்டுக்குப் போனேன் சாமி. சவரி மட்டும்தான் அங்க இருந்தான். நான் சாப்புட்டுட்டுத் திரும்பி வந்து பார்த்தப்ப மடை தொறந்து கெடந்துச்சு. தண்ணி நாலு பாத்தியிலயும் பாய்ஞ்சு உப்பெல்லாம் கரைஞ்சு பூட்டிருந்துச்சு.”

“எவ்ளோ தெளிவா சொல்றான் பாரு” என்று கூட்டத்தில் ஒரு குரல் மெச்சியது. அடுத்து சவரி.

“நான் இல்லீங்க சாமி. மடைய... அது வந்து... அடைக்கவே இல்ல. அதாவது நான் அடைக்கலன்னு இல்ல... காலையிலயே அது... இன்னாது... தொறந்துதான்... அது வந்து, அந்தோணி இல்ல, வேற...”

டார்ச் குறுக்கே வந்தது. “பார்த்தீங்களா சாமி? உண்மைய பேசுறவனுக்கு வாய் ஏன் கொழறணும்? நாளையிலருந்து இவனும் வேலைக்கு வேணாம், இவங்க ஆத்தாளும் வேணாம்.”

லூர்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “எம்புள்ள எப்பவுமே இப்படித்தாங்க சாமி பேசுவான். சோறு வேணும்னு கேக்கவே அவனுக்கு அஞ்சு நிமிசம் ஆவும்!” யாரும் காதில் வாங்கவில்லை. பெற்றவள் அப்படித்தான் சொல்லுவாள் என்று விட்டுவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவன் எப்போதும் அப்படித்தான் பேசுவான் என்பதற்கு ஆதாரம் என்னிடம் இருக்கிறதே! ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன். “சாமி, இது பதினஞ்சு நாளைக்கு முன்னாடி இதே பையன் சாவகாசமா உட்கார்ந்து சொன்ன கதை. அப்பவும் இப்படித்தான் பேசினான், கேளுங்க” என்று கணீரென்று படிக்கத் தொடங்கினேன்.

‘முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஓர் அரசன் இருந்தான். அவனிடம் அறிவிற் சிறந்த...’

அங்கேயே நிறுத்திவிட்டேன். மேற்கொண்டு என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. மேஸ்திரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். “நிறுத்தாதீங்கம்மா, படிங்க. பேஷா பேசியிருக்கானே! அப்ப நல்ல நாள்ல வாய் நல்லாத்தான் வருது. இன்னிக்குத்தான் கொழறுது.”

பையனைக் காப்பாற்றப் போனவள் அவனை நன்றாக மாட்டிவிட்டேன். என் முதல் வகுப்பு அந்த முற்றத்தின் நடுவில் நின்று என்னைப் பார்த்து இளித்தது.

சாமியார் நோட்டை வாங்கிப் பார்த்தார். “சவரி, இது நீ சொன்னதாடா?”

“கதை... அது வந்து... கதை என்னுதுதான் சாமி. பேசுறது யாருன்னு தெரியல.”

கூட்டம் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. “சாமி, தப்பு என்மேல. அவன் பேசினதை நான் திருத்தி எழுதிட்டேன்” என்றேன்.

“அப்ப டேப்பைப் போடுங்க.”

“அதுமேல... வேற பொண்ணு கதையைப் பதிஞ்சுட்டேன்.”

“அவ்ளோதான், முடிஞ்சுது” என்றார் மேஸ்திரி.

அந்த நேரத்தில் என் மூளையில் ஏதோ தட்டியது. மேலே பதிந்தது ஒரு சின்னப் பெண் சொன்ன நண்டுக் கதை. பத்து நிமிடம்தான். சவரி பேசியதோ அரைமணி. நண்டு முடிகிற இடத்துக்குப் பிறகு கேசட்டில் கழுதை இன்னும் இருக்க வேண்டும்! ரெக்கார்டரைத் தூக்கிவந்து வைத்தேன். பொத்தானை அழுத்தினால் அது முனகியது. பேட்டரியில் உயிரில்லை, ஜன்னலில் வெயிலுக்கு வைத்து எடுத்ததும் பயனில்லை. சாமியார் சுற்றும்முற்றும் பார்த்தார்.

“மேஸ்திரி, உங்க டார்ச்சைக் கொடுங்க.”

ஊரே பார்க்க மேஸ்திரி தன் டார்ச்சைத் திருகித் திறந்து மூன்று பேட்டரிகளைக் கொட்டினார். நாலாவதைச் சிஸ்டர்கள் வீட்டுக் கடிகாரம் கொடுத்தது.

நண்டு செத்தது. ஒரு ‘கிளிக்’. அடுத்து பாதி வார்த்தையிலிருந்து சவரி வந்தான்: “...டத்த கழுத தின்னுட்டுச்சுக்கா. கிரீடத்த இல்ல... அது வந்து... மொதல்ல தலப்பாவ. அப்பறம் கிரீடம். இல்ல இரு... ஆங், கிரீடம்தான் மொதல்ல...”

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கிக் கதையில் இறங்கிவிட்டார்கள். யாரோ இருமியதற்கு ஒரு கிழவர், “ஏம்பா, சும்மா இரேன், கழுத இன்னா ஆச்சுன்னு கேப்பம்” என்று அதட்டினார். லூர்தம்மா ஒவ்வொரு ‘அது வந்து’வுக்கும் தலையாட்டி, பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தாள். வழக்கு எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். கதை முடிந்தது.

அப்போதுதான் அடுத்து என்ன வரப்போகிறது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. கதை முடிந்ததும் நான் டேப்பை நிறுத்தவில்லை. நிறுத்தாமல்தான் சவரியிடம் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சங்கதியைச் சொன்னேன். என் கட்டைவிரல் தானாகவே பொத்தானுக்குப் போனது.

“ஏன் கை அங்க போவுது?” என்றார் மேஸ்திரி. பேட்டரி இல்லாத டார்ச்சை நீட்டினார். “இன்னும் சுத்துதே. ஓடட்டும். திருத்தி எழுதுறவங்களாச்சே, இன்னாத்த மறைக்கிறாங்களோ.”

புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இந்த இடத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். நிறுத்த எனக்குக் காரணம் இருந்தது. நான் இருப்பது சாமியார் சொல்லிக் கிடைத்த அறை. என் வேலை நடப்பது அவர் தயவில். மேலே வரப்போவது வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு. ஆனால் நிறுத்தினால், இதுவரை ஓடியதும் நான் பொறுக்கி எடுத்ததுதான் என்று ஆகிவிடும். ஒருமுறை துடைத்ததற்கே ஒரு பையன் குற்றவாளியாக நிற்கிறான். விரலை எடுத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

என் குரல் வந்தது, கேட்கச் சகிக்காத உற்சாகத்தோடு: “நீ இழுக்கிறதெல்லாம் ஒண்ணுமே இல்ல சவரி. உங்க சாமியாரைப் பாரு. நேத்து பிரசங்கத்துல நாற்பத்து மூணு ‘அதாகப்பட்டது’! நான் எண்ணினேன்.”

“அய்ய... அப்ப... அது வந்து... சாமிக்கும் கதை சொல்ல வராதாக்கா?”

பிறகு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு. அது எவ்வளவு நேரம் ஓடியது என்கிறீர்கள்! கேசட் முடிந்து தானாக நின்றது.

சாமியார் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். திரும்ப மாட்டினார். “அதாகப்பட்டது...” என்று தொடங்கினார்.

பின்வரிசையில் ஒருவர் பொத்துக்கொண்டு சிரித்து, வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டார். சாமியார் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“வாய் குழறுறவன் பொய்யன்னு மேஸ்திரி சொல்றாரு. அப்படின்னா நான் ஞாயித்துக்கிழமை தவறாம உங்க முன்னாடி நின்னு நாற்பத்து மூணு பொய் சொல்றேன். அப்படித்தானா மேஸ்திரி?”

மேஸ்திரி டார்ச்சைத் தாழ்த்தினார். சாமியார் அந்தோணியைக் கூப்பிட்டார். “நீ சொன்னதைத் திரும்பச் சொல்லு தம்பி. முதல்லருந்து வேணாம். சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்தியே, அங்கருந்து.”

அந்தோணி கையைக் கட்டினான். “மணி பன்னெண்டுக்கு நான் மடைய நல்லா அடைச்சிட்டு...”

“அது முதல். நான் கேட்டது நடுவுல.”

அவன் உதடு அசைந்தது. மனசுக்குள் வேகமாக ஓட்டிப் பார்த்தான். மறுபடி, “மணி பன்னெண்டுக்கு நான் மடைய...”

சாமியாருக்கு அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர். பத்துக் கட்டளைகளில் ஐந்தாவது என்ன என்று கேட்டால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிற பிள்ளைகளை அவர் பார்க்காததா? “இது மனப்பாடம்டா” என்றார் மெதுவாக. “யாரு சொல்லிக்கொடுத்தது?”

அந்தோணி மாமனைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். அன்றைக்கு முதன்முறையாகத் திக்கினான். “அது வந்து சாமி... மாமா... காலையில மாமாதான் மடைய... தண்ணி வுடணும்னு... அப்பால கூனிமேட்டுல கல்யாணம்னு...”

விஷயம் இதுதான். மேஸ்திரி காலையில் தானே மடையைத் திறந்திருக்கிறார். அதற்குள் கூனிமேட்டில் அவர் சிநேகிதர் ஒரு பாய் வீட்டுக் கல்யாணப் பிரியாணி ஞாபகம் வந்திருக்கிறது. மடையை மறந்துவிட்டு சைக்கிளை எடுத்துவிட்டார். மேஸ்திரி திறந்த மடையை அவர் சொல்லாமல் அடைக்கப் பையன்கள் இருவருக்கும் துணிச்சல் இல்லை.

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். “அது வந்து சாமி... பாய் ரொம்ப... இன்னா சொல்றது... ரொம்ப வற்புறுத்திட்டாரு...”

முற்றம் அதிர்ந்தது. வயிறெரிந்து நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். சவரிக்கும் லூர்தம்மாவுக்கும் வேலை போகவில்லை. கெட்டுப்போன பாத்திகளின் தரையை மறுபடி காலால் மிதித்து இறுக்க வேண்டும். அதை மேஸ்திரியே இறங்கி மிதிக்கட்டும் என்று சாமியார் தீர்ப்புச் சொன்னார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்த மூன்று நாளும் பார்க்க ஆள் வந்தது.

இதைப் படித்துவிட்டு, தங்குதடையில்லாமல் பேசுகிறவன் பொய்யன், திக்குகிறவன் உத்தமன் என்று எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். அது மேஸ்திரியின் முட்டாள்தனத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொள்வது. சவரி அன்று திக்கியதில் பாதி அவன் சுபாவம், பாதி மேஸ்திரி பெயரைச் சொல்லப் பயம். எது எது என்று இன்றைக்கும் என்னால் பிரிக்க முடியாது. அவன் நின்ற இடங்கள் தாளில் இருந்தால் யோசித்தாவது பார்க்கலாம். துடைத்துவிட்டால் யோசிக்கவே ஒன்றும் இருக்காது.

நடந்ததை மறைக்காமல் பேராசிரியைக்கு எழுதினேன். வேலை போய்விடும் என்று பெட்டியைக்கூடக் கட்டிவைத்தேன். ஒரு கார்டு வந்தது. ‘பிள்ளைகளிடம் மறுபடி முதலிலிருந்து கேள். துடைப்பத்தைத் தபாலில் அனுப்பிவிடு.’

முதல் வேலையாகக் கேசட்டில் மிஞ்சியிருந்த கழுதைக் கதையை அவன் வாயில் வந்தபடியே எழுதினேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, அவன் நின்ற இடமெல்லாம் கதை திரும்புகிற இடம். கழுதை தின்றது தலைப்பாகையையா கிரீடத்தையா என்று அங்கே உட்கார்ந்து அவன்தான் முடிவு செய்துகொண்டிருந்தான். நான் அதைத்தான் குப்பை என்று கூட்டித் தள்ளியிருந்தேன். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுவதும் படித்துக் காட்டினேன். ‘அது வந்து’, ‘ஆங்’, ‘இல்ல இரு’ ஒன்றையும் விடவில்லை. அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டான். கிரீடம் வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கினான்.

“ஆங்... இவன்... இவன் நான்தாங்க்கா” என்றான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முதல் வகுப்பு வந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அடுத்த ஞாயிறு நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமியார் பிரசங்கத்துக்கு எழுந்தார். “அதாகப்பட்டது...” ஆண்கள் பக்கத்தில் சவரி, முகத்தை வெகு பக்தியாக வைத்துக்கொண்டு, ஒரு விரலை நீட்டினான். சாமியார் அதைப் பார்த்தார். பார்த்தும் பேச்சை நிறுத்தவில்லை. அன்று அவர் முப்பத்தெட்டோடு முடித்துக்கொண்டதாகச் சவரி வந்து எனக்குக் கணக்குச் சொன்னான்.

உங்கள் கட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டேப்பை மறுபடி போட்டுக் கேளுங்கள். அதை அழித்துவிட்டோம் என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். மாமா வீட்டு நாயைத் தொலைத்த அந்தப் பையனை எனக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த பக்கங்களில் நாய் இருக்கிறது, மாமா இருக்கிறார். அவனைத்தான் காணோம்.